தொப்புள்கொடி சொல்லும் செய்தி

"தொப்புள்கொடி உறவு" என்னும் சொல்லை நாம் மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். அறுத்தாலும் அறாத உறவு என்பது அதன் பொருள். ஆனால் அந்தக் கொடி எப்படிப்பட்டது, அதனுள் ஓடுவது எது, அந்த ஓட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்பனவற்றை இந்த ஆண்டு வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. எங்களை எண்ண வைத்தது ஒரு மருத்துவ அறிக்கை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா, வளைகாப்பு முடிந்து பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீட்டிற்கு வந்திருந்தார். எட்டாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தபோது, "மாதத்திற்கேற்ற வளர்ச்சி இல்லை, குழந்தை சிறியதாகத் தெரிகிறது" என்று டாக்டர் அம்மா கூறிவிட்டார். வீட்டில் ஒரே கலக்கம். "உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்றார் அத்தை. "எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது, பொறுத்திருங்கள்" என்றார் பாட்டி. டாக்டர் அம்மா இரண்டையும் சொல்லவில்லை. "இன்னொரு சோதனை பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று கூறி டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதித் தந்தார். அந்தச் சோதனையின் அறிக்கையில் தொப்புள்கொடித் தமனியைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. வீட்டில் ஒருவருக்கும் அவை விளங்கவில்லை.

தோழி அந்த நான்கு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இதற்கு வேண்டிய பாடங்கள் இரண்டும் உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஒன்று இரத்த ஓட்டம், மற்றொன்று ஒலி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்" என்றார்கள். சேர்த்துப் பார்த்தோம். புத்தகங்களில் படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டறிந்ததையும் அக்காவின் அனுமதியோடு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கொடியின் அமைப்பு

கருப்பையில் வளரும் குழந்தை நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பதில்லை; வாயால் உணவு உண்பதுமில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு, சத்துப் பொருள்கள் எல்லாம் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே வருகின்றன. கருப்பையின் உட்சுவரில் ஓர் அடையைப் போல் ஒட்டியிருப்பது இந்த நஞ்சுக்கொடி. பிள்ளைப்பேற்றின் போது இதன் எடை சுமார் அரைக் கிலோ. அகலம் சுமார் 20 செ.மீ. உயிர் காக்கும் உறுப்புக்கு "நஞ்சு" என்று பெயர் வைப்பானேன்? பிள்ளை பிறந்த பின் அது வெளிவராமல் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதனால் அப்பெயர் வந்தது என்று பெரியவர்கள் கூறுவார்கள். பிறக்கும் வரையில் அது நஞ்சன்று, அமுதமே!

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இடையில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் தாயின் இரத்தமும் மறு பக்கம் சேயின் இரத்தமும் ஓட, பிராணவாயு இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செல்கிறது. கரியமில வாயு அப்பக்கத்திலிருந்து இப்பக்கம் வருகிறது.

நஞ்சுக்கொடியையும் குழந்தையின் தொப்புளையும் இணைப்பதே தொப்புள்கொடி. நீளம் பெரும்பாலும் 50 முதல் 60 செ.மீ.; பருமன் ஏறக்குறைய ஒரு விரலளவு. அதனுள் 2 தமனிகளும் 1 சிரையும் முறுக்கிய கயிற்றைப் போல் சுற்றிச் சுற்றிச் செல்கின்றன. அவை நசுங்கிவிடாதபடி சுற்றிலும் கூழ் போன்ற ஒரு பொருள் காக்கிறது. 1656-ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயரால் அது வார்ட்டன் கூழ் எனப்படுகிறது.

தமனியில் தூய இரத்தமும் சிரையில் அசுத்த இரத்தமும் ஓடும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். தொப்புள்கொடியில் இது தலைகீழ்! பிராணவாயு நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது சிரை. குழந்தை பயன்படுத்திய இரத்தத்தை நஞ்சுக்கொடிக்குத் திருப்பி அனுப்புபவை தமனிகள். இதயத்தை நோக்கி வருவது சிரை, இதயத்திலிருந்து செல்வது தமனி என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. நம் கட்டுரைக்கு முக்கியமானவை அந்தத் தமனிகளே.

இதயம் ஓயும்போதும் ஓட வேண்டும்

கருவிலுள்ள குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ஒரு முறை சுருங்குகிறது. பின்பு சற்றே ஓய்கிறது. சுருங்கும்போது இரத்தம் வேகமாகப் பாயும் என்பதில் புதுமை இல்லை. ஓயும்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

தெருவில் உள்ள அடிகுழாயை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நீர் குபுக்கென்று கொட்டி வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் சுத்தமாக இருந்தால், நாம் அடிப்பதைச் சற்று நிறுத்தினாலும் வந்த நீர் மெல்ல முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் மண் அடைத்திருந்தாலோ, அடிக்கும்போது மட்டும் நீர் முன்னே தள்ளும்; நிறுத்தியவுடன் நின்றுவிடும். அடைப்பு மிகுந்தால் முட்டி மோதி நம்மை நோக்கியே திரும்பி வரும்.

தொப்புள்கொடியிலும் இதுவே நடக்கிறது. அடிகுழாய் குழந்தையின் இதயம். வாய்க்கால் நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள். நல்ல நஞ்சுக்கொடியில் மரத்தின் கிளைகளைப் போலப் பல்லாயிரம் நுண்ணிய குழாய்கள் விரிந்து கிடக்கும். மாதம் ஏற ஏறக் கிளைகள் பெருகும், தடை குறையும். ஆகவே இதயம் ஓயும் நேரத்திலும் இரத்தம் தாராளமாக ஓடும். கிளைகள் சரியாக வளராவிட்டாலும், இருக்கும் கிளைகள் அடைபட்டாலும் தடை கூடும். தாயின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. கர்ப்பத்தின் முதற் பாதியில் கருப்பையின் சுருள் தமனிகள் விரிந்து கொடுக்க வேண்டும். அவை விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைகிறது. பல தாய்மாருக்குப் பிற்பாதியில் இரத்த அழுத்தமும் ஏறுகிறது.

ஆக, குழந்தையின் இதயம் ஓயும் அந்த ஒரு கணத்தில் கொடியில் இரத்தம் ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டால், நஞ்சுக்கொடி நன்றாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் வயிற்றைத் திறக்காமல், ஊசி குத்தாமல் அதைத் தெரிந்துகொள்வது எப்படி?

விண்மீனிலிருந்து வந்த விடை

விடை மருத்துவரிடமிருந்து வரவில்லை. விண்மீன்களைப் பற்றி எண்ணிய ஒரு பேராசிரியரிடமிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1803-இல் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தவர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் 1842-ஆம் ஆண்டு மே மாதம் பிராக் நகரில் இரட்டை விண்மீன்களின் ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அலையை வெளியிடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலையின் அதிர்வெண் கூடும், விலகிச் சென்றால் குறையும் என்பது அதன் சாரம். விண்மீன்களின் நிறத்திற்கு அவர் கூறிய காரணம் சரியன்று எனப் பின்னர் தெரிந்தது. ஆனால் அவர் கண்ட விதி சரியானதே.

ஒலிக்கும் அது பொருந்துமா என்பதை 1845-இல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த பைஸ் பாலட் சோதித்தார். ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, இருப்புப்பாதை ஓரத்தில் இசை அறிந்தவர்களை நிறுத்திக் கேட்கச் செய்தார். ரயில் நெருங்கும்போது சுரம் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்டது. ரயில்வே கேட்டருகே நிற்கும்போது நாமும் இதைக் கேட்கிறோம் அல்லவா?

பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியல் விதிகளைக் கண்ட துறவி கிரகோர் மெண்டலை நாம் பாடத்தில் படிக்கிறோம். அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்றபோது அவருக்குப் பாடம் சொன்னவர் இந்த டாப்ளரே! நுரையீரல் நோயால் வருந்திய டாப்ளர் 1853-இல் வெனிஸ் நகரில் காலமானார். தம் விதி ஒருநாள் கருவிலுள்ள குழந்தைகளுக்குப் பயன்படும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

1950-களில் ஜப்பானின் ஒசாகா நகரில் சட்டோமுரா என்ற அறிஞர், மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை உடலுக்குள் செலுத்தி, இதயத்தின் அசைவையும் இரத்தத்தின் ஓட்டத்தையும் டாப்ளர் விதியால் கண்டறிந்தார். 1977-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரம் என்னும் இருவர் இம்முறையால் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைத் தாய்க்கோ சேய்க்கோ துன்பமின்றி அளக்கலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கருவி நொடிக்கு 30 இலட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஓடும் இரத்தத்தின் சிவப்பணுக்கள் மேல் பட்டுத் திரும்புகிறது. அதிர்வெண் எவ்வளவு மாறும்?

அதிர்வெண் மாற்றம் = 2 × அனுப்பிய அதிர்வெண் × இரத்தத்தின் வேகம் × கோணத்தின் கொசைன் ÷ உடலில் ஒலியின் வேகம்.

ஒலி போய்த் திரும்புவதால் 2 வருகிறது. உடலின் திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். இரத்தத்தின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்றும், ஒலிக்கற்றைக்கும் இரத்தக் குழாய்க்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை என்றும் கொள்வோம். கொசைன் 60 பாகை அரை என்பது நாம் அறிந்ததே. எனவே 2 × 30,00,000 × 0.5 × 0.5 ÷ 1,540 = சுமார் 974. அதாவது நொடிக்கு 974 அதிர்வுகள். இது நம் செவிக்குக் கேட்கும் ஒலியாகும். ஸ்கேன் அறையில் "உஷ்... உஷ்..." என்று கேட்கும் சப்தம் இதுதான். குழந்தையின் இரத்தம் பேசும் பேச்சு என்று இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு சிக்கல். கொடி நீரில் மிதந்து, முறுக்கி, வளைந்து கிடக்கிறது. கோணம் எத்தனை பாகை என்று யாரால் உறுதியாகக் கூற இயலும்? கோணம் தெரியாவிட்டால் வேகமும் சரியாகத் தெரியாது. இதற்கு அறிஞர் கண்ட வழி மிக எளியது. வேகத்தை அறிய வேண்டாம். விகிதத்தை அறிந்தால் போதும்!

இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச வேகத்தைச் சுருக்க வேகம் என்போம். ஓய்வின் இறுதியில் உள்ள வேகத்தை ஓய்வு வேகம் என்போம். சுருக்க வேகம் 48, ஓய்வு வேகம் 20 என்றால் விகிதம் 2.4. கோணம் மாறியதால் இரண்டும் பாதியாகத் தெரிந்து 24, 10 என்று வந்தாலும் விகிதம் அதே 2.4 தான். கோணத்தின் பிழை மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. பின்னங்களைச் சுருக்கும்போது நாம் நாள்தோறும் செய்யும் வேலை இது!

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஓய்வு ஓட்டம் இல்லாதிருப்பது இயல்பே. மாதம் ஏற ஏற அது தோன்றி வளர்கிறது, விகிதம் இறங்குகிறது. 30 வாரங்களுக்குப் பின் அது பொதுவாக 3-க்குக் கீழ் இருக்கும்.

இனி ஒரு கேள்வி. ஓய்வு வேகம் 0 ஆகிவிட்டால் விகிதம் என்ன? பூச்சியத்தால் வகுக்க இயலாது என்பது விதி. அதனால் அறிக்கைகளில் தடைக் குறியீடு என்ற மற்றொரு கணக்கும் தரப்படுகிறது. சுருக்க வேகத்திலிருந்து ஓய்வு வேகத்தைக் கழித்துச் சுருக்க வேகத்தால் வகுக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 28 ÷ 48 = 0.58. ஓய்வு ஓட்டம் அற்றுப்போனால் இந்த எண் 1 ஆகும். கணிதத்தில் அது வெறும் ஒன்று. மருத்துவமனையில் அது அபாய மணி!

சிறியது வேறு, வாடுவது வேறு

இப்பொழுது அக்காவின் வீட்டில் எழுந்த கேள்விக்கு வருவோம். குழந்தை சிறியதாக இருக்கிறது. ஏன்? நம் வகுப்பிலேயே உயரமானவர்களும் உண்டு, குள்ளமானவர்களும் உண்டு. தாயும் தந்தையும் சிறிய உடல்வாகு உடையவர்களானால் குழந்தையும் சிறியதாக, ஆனால் நலமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தையை அவசரப்பட்டு எட்டாம் மாதத்தில் வெளியே எடுப்பது அதற்கு நாமே தீங்கு செய்வதாகும். மற்றொரு குழந்தையோ, நஞ்சுக்கொடி பழுதானதால் பட்டினி கிடந்து சிறியதாகியிருக்கலாம். அதனைப் பொறுத்திருந்து பார்ப்பது அதன் உயிருக்கே உலை வைப்பதாகும். இஞ்சுடேப்பும் எடைக் கணக்கும் இவ்விரு குழந்தைகளையும் வேறுபடுத்திக் காட்டமாட்டா. தொப்புள்கொடியின் ஓட்டம் பெரும்பாலும் காட்டிவிடும்.

மருத்துவர்கள் இதை நான்கு படிகளாகப் பார்க்கிறார்கள். முதற் படியில் ஓய்வு ஓட்டம் தாராளமாக இருக்கிறது. இரண்டாம் படியில் அது குறைகிறது. மூன்றாம் படியில் அற்றுப்போகிறது. நான்காம் படியில் இரத்தம் பின்னோக்கி, குழந்தையை நோக்கியே திரும்புகிறது. இது மிகக் கொடிய நிலை.

குழந்தையும் சும்மா இருப்பதில்லை. பிராணவாயு குறையும்போது, கிடைப்பதை முதலில் மூளைக்கும் இதயத்திற்கும் அனுப்பிவிட்டு மற்ற உறுப்புகளுக்குக் குறைத்துக்கொள்கிறது. வீட்டில் அரிசி குறையும் நாளில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தாய் கணக்குப் பார்ப்பதைப் போன்றது இது. இன்னும் பிறவாத, யாரும் கற்பிக்காத குழந்தைக்கு இந்த அறிவைத் தந்தவரை எண்ணி நாம் வியக்காமல் இருக்க முடியுமா? மூளைக்குச் செல்லும் தமனியிலும் டாப்ளர் சோதனை செய்து மருத்துவர்கள் இந்நிலையைக் கண்டறிகிறார்கள். சிறப்பாகக் கடைசி வாரங்களில் தொப்புள்கொடியின் ஓட்டம் நன்றாகத் தெரிந்தும் குழந்தை தளர்ந்திருக்கக்கூடும். அப்போது இந்தச் சோதனை துணை செய்யும்.

எடுப்பதா, காத்திருப்பதா?

சோதனை நோயைக் குணப்படுத்தாது. அது செய்தியை மட்டுமே சொல்லும். முடிவு எடுப்பது மனிதரின் பொறுப்பு. இதில்தான் மருத்துவர்களின் உண்மையான சங்கடம் இருக்கிறது. ஓட்டம் கெட்டுவிட்டது, ஆனால் குழந்தைக்கு 29 வாரமே ஆகிறது. எடுத்தால் முதிராத நுரையீரல், விட்டால் பட்டினி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் மருத்துவமனைகள் சேர்ந்து, இத்தகைய ஐயமான நிலையில் உடனே எடுப்பது நல்லதா, சற்றுக் காத்திருப்பது நல்லதா என்று ஆராய்ந்தன. முடிவுகள் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. காத்திருந்த பிரிவில் வயிற்றிலேயே இறந்த குழந்தைகள் அதிகம். உடனே எடுத்த பிரிவில் பிறந்தபின் இறந்தவை அதிகம். மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. அத்தை சொன்னதும் முழுத் தவறல்ல. பாட்டி சொன்னதும் முழுத் தவறல்ல என்று இதைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது.

எனினும் இப்போது சில வழிமுறைகள் தெளிவாகியுள்ளன. ஓய்வு ஓட்டம் அற்றுப்போனால் பொதுவாக 34 வாரங்களுக்கு மேல் காத்திருப்பதில்லை. பின்னோக்கி ஓடினால் அதனினும் முன்னதாகவே பிள்ளைப்பேறு நடத்தப்படுகிறது. அதற்கு முன்பு தாய்க்கு ஊசி மருந்து கொடுத்துக் குழந்தையின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்கிறார்கள். இம்முறையை 1972-இல் உலகிற்கு அறிவித்தவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவர்களான லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர்.

இந்தச் சோதனையால் உண்மையில் பயன் உண்டா? இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு முதலிய ஆபத்துகள் உள்ள 10,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துள்ளனர். இச்சோதனை செய்யாத பிரிவில் 1,000 குழந்தைகளுக்குச் சுமார் 17 குழந்தைகள் இறந்தன. செய்த பிரிவில் சுமார் 12. அதோடு, சோதனை செய்த பிரிவில் சிசேரியன் அறுவைகளும் சற்றுக் குறைந்தன. ஏனெனில் நலமாயிருக்கும் சிறு குழந்தைகளை நம்பிக்கையோடு விட்டுவைக்க முடிந்தது. 1,000-க்கு 5 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த ஐந்து வீடுகளில் தொட்டில் ஆடுகிறதா இல்லையா என்பதை எண்ணினால் அது சிறிய எண்ணாகத் தோன்றாது.

எந்த ஆபத்தும் இல்லாத தாய்மார் அனைவருக்கும் இதைச் செய்வதால் தனிப் பயன் எதுவும் அத்தகைய ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வசதி மிக்க நாடுகளில் நடந்தவை. தென்னாப்பிரிக்காவில் அம்பிஃப்ளோ என்ற சிறு கருவியை உருவாக்கினர். கணினியோடு இணைத்துச் செவிலியரே இயக்கக்கூடிய எளிய கருவி அது. பிரிட்டோரியா அருகிலுள்ள மாமெலோடி என்னும் ஊரில், ஆபத்து ஏதுமில்லை என்று கருதப்பட்ட தாய்மாரைச் சோதித்தபோது, 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு ஓய்வு ஓட்டமே அற்றுப்போயிருந்தது கண்டு திடுக்கிட்டனர். பின்னர் கானா, கென்யா, ருவாண்டா ஆகிய நாடுகளோடு நம் இந்தியாவிலும் இக்கருவி கொண்டு ஆய்வு நடந்தது. ஏழைத் தாயின் ஊருக்கும் இச்சோதனை எட்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நஞ்சுக்கொடி திடீரென்று பிரிவதையோ, கொடி சிக்கி நெரிபடுவதையோ அது முன்கூட்டிச் சொல்லாது. மீயொலி எக்ஸ்ரே அன்று. என்றாலும் தேவையின்றி, அதிலும் கரு தோன்றிய முதல் மாதங்களில், டாப்ளர் கற்றையைச் செலுத்துவதில்லை.

ஒரே கருவி, இரு நோக்கங்கள்

அக்காவோடு துணைக்குச் சென்ற எங்கள் தோழி, ஸ்கேன் அறையின் வாசலில் ஒரு பலகையைக் கண்டாள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிவிப்பது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. இதற்கான சட்டம் நம் நாட்டில் 1994-இல் இயற்றப்பட்டது. ஏன் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது? இதே மீயொலியைக் கொண்டு, பெண் என்று தெரிந்தவுடன் கருவிலேயே அழித்தவர்கள் இருந்தார்கள் என்பதனால்தான். பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எங்கள் கை சற்று நின்றது. ஒரே அலை. ஒரு குழந்தை பட்டினி கிடக்கிறதா என்று பரிவோடு கேட்கவும் அது உதவும். உனக்கு இங்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லவும் அது உதவும். கருவிக்குக் குணமில்லை, அதைக் கையாளும் மனத்திற்கே குணம்.

அக்காவின் அறிக்கை

அந்த நான்கு வரிகளில் எழுதியிருந்தது இதுதான்: தொப்புள்கொடித் தமனியில் ஓய்வு ஓட்டம் இருக்கிறது, குறியீடுகள் வாரத்திற்கேற்ற அளவில் உள்ளன. அதாவது குழந்தை சிறியதே, வாடவில்லை. டாக்டர் அம்மா அவசரப்படவில்லை, அலட்சியமாகவும் விடவில்லை. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வரச் சொல்லிச் சோதித்தார். "குழந்தையின் துள்ளல் குறைந்தால் அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்காதே, இரவானாலும் உடனே புறப்பட்டு வா" என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார். கருவி வாரத்தில் ஒரு நாள் கேட்கும். தாய் நாள் முழுவதும் கேட்கிறாள் அல்லவா?

38 வாரம் முடிந்ததும் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 300 கிராம். பிறந்தவுடன் அழுத அழுகை வராந்தா வரை கேட்டதாம். "இந்தப் பொடிக்கா இவ்வளவு குரல்!" என்று பாட்டி சிரித்தார். அத்தை சர்க்கரை வாங்க ஓடினார்.

மரியன்னையின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்தம்மாளின் வயிற்றில் குழந்தை அக்களிப்பால் துள்ளியதை ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதாக நாம் தியானிக்கிறோம். இனி அந்த இரகசியத்தைச் சொல்லும்போது, வெளியே வந்து பேசத் தெரியாத எல்லாக் குழந்தைகளையும் நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

தோழியரே, நம்முள் பலர் நாளை தாய்மார் ஆவோம். சிலர் மருத்துவர்களாகவும் செவிலியராகவும் ஆவோம். இன்றே நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணித் தாய் ஒருவர் இருந்தால், "இம்மாதம் பரிசோதனைக்குப் போனீர்களா அக்கா? குழந்தை நன்றாக அசைகிறதா?" என்று கேட்போம். போகவில்லை என்றால் துணைக்குச் செல்வோம். தொப்புள்கொடி சொல்லும் செய்தியை மருத்துவர் கேட்பதற்கு, முதலில் அந்தத் தாய் மருத்துவமனையின் படியேற வேண்டும் அல்லவா?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி